கொல்லைக் கம்பமும் என் கம்ப்யூட்டரும்

ஜன. 18, ஞாயிறு

பனி. எட்டரை மணிக்கும் எதிர் வீடு தெரியவில்லை. பொங்கல் கரும்புச் சக்கை இன்னும் வாசலிலேயே. யாராவது அள்ளுவார்கள் என்று வீட்டில் எல்லோரும் காத்திருக்கிறோம்.

கம்ப்யூட்டர் இன்றும் நின்றது. லீவு நாள், பிழைத்தேன். நாளை முதல் மறுபடி ஷிஃப்ட், ஒன்பதிலிருந்து இரண்டு வரை. சோதனைக் காலம் இந்த மாசக் கடைசியோடு முடிகிறது. நித்யா போன வாரமே எச்சரித்துவிட்டாள். என் டீம் லீடர், சென்னை. என்னைவிட ரொம்பச் சின்னவள். வாய்க்கு வாய் "மேம்" போடுவாள், ஆனால் விட்டுக்கொடுக்க மாட்டாள். "மேம், வீட்டுலேர்ந்து வேலைன்னா கரண்ட் உங்க பொறுப்பு. பேசிட்டிருக்கும்போதே கால் கட்டானா கஸ்டமர் கம்பெனியத்தான் திட்டுவாங்க. இப்படியே போனா நான் ஒண்ணும் பண்ண முடியாது மேம்."

ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் வாங்கியவர்கள் புகார் சொல்லப் போன் செய்வார்கள். நான் பதில் சொல்ல வேண்டும். அதுதான் வேலை. ஊர் ஊராக "வோல்டேஜ் சரியா வருதாங்க? ஸ்டெபிலைசர் போட்டிருக்கீங்களா?" என்று கேட்கிறேன். என் வீட்டு லட்சணம் எனக்குத்தான் தெரியும்.

இந்த வேலை நிலைத்தால் இவர் மஸ்கட்டை விட்டு வந்துவிடுவார். எங்கள் பேச்சு அது. காண்டிராக்டை நீட்டிப்பதா இல்லையா என்று மாசக் கடைசிக்குள் அங்கே சொல்லியாக வேண்டும். கிடங்கில் மூட்டை தூக்கித் தூக்கி இடுப்பு போய்விட்டது. "உனக்குக் கன்ஃபார்ம் ஆயிடுச்சுன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன் செல்வி." நேற்றும் சொன்னார். ஆக, என் புருஷன் வருவதும் வராததும் இப்போது அந்தக் கறுப்பு டப்பா கையில்.

அது அடிக்கும் கூத்து, பாபுவிடம் சொல்வதற்காக (நன்னிலம் கம்ப்யூட்டர் கடை):

– யுபிஎஸ் டிக் டிக் என்கிறது. கரண்ட் இருக்கும்போதே.
– டிக் டிக் அதிகமானால் கீ என்று ஒரு கத்தல். பிறகு எல்லாம் அணையும்.
– அணைந்தது தானே எழும். நேற்று சாம்பார் தாளித்துக்கொண்டிருக்கிறேன், உள்ளே ஆள் இல்லாமல் கம்ப்யூட்டர் கிளம்புகிறது.
– சிபியு டப்பாவில் கை பட்டால் எறும்பு ஊர்கிற மாதிரி. எப்போதும் இல்லை. சில நேரம்.

மாமனார் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "பொட்டிக்குக் கண்ணு பட்டிருக்கும். ஒரு பூசணிக்காய ஒடைச்சுடு" என்றார். கிண்டலா நிஜமா என்று இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எனக்குத் தெரிந்ததில்லை.

ஜன. 19, திங்கள்

பனி, பிறகு சுள்ளென்று வெயில்.

மூன்றாவது கால். சேலத்து அம்மா ஒருத்தர். "ஐஸ் உருகி வீடெல்லாம் தண்ணிம்மா, எம்பொண்ணு வழுக்கி விழுந்துட்டா..." "பதறாதீங்கம்மா, முதல்ல ப்ளக்க..." டிக் டிக் டிக். கீ. திரை கறுப்பு. ப்ளக்கை என்ன செய்வது என்று அந்த அம்மா இன்னும் யோசித்துக்கொண்டிருப்பார்.

நித்யாவிடமிருந்து ஒரே ஒரு கேள்விக்குறி. வேறு ஒன்றும் எழுதவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மதியம் சிபியு, யுபிஎஸ் இரண்டையும் சாக்கில் சுற்றி ரவியின் வண்டியில் ஏற்றினோம். ரவி என் கொழுந்தன். மாமாவோடு விவசாயம். அதோடு ஊரில் யார் வீட்டு மோட்டார், ஃபேன், மிக்ஸி நின்றாலும் இவரைத்தான் கூப்பிடுவார்கள். திருகுப்புளி கையில் இருந்தால் எல்லாம் தெரிந்த முகம் வந்துவிடும்.

பாபு கடையில் மாட்டினான். ஓடியது. சாயங்காலம் வரை ஓடியது. ஒரு டிக் இல்லை. தொட்டுப் பார்த்தேன், எறும்பும் இல்லை. டாக்டரைப் பார்த்ததும் குழந்தைக்குக் காய்ச்சல் விட்டுப்போகுமே, அப்படி.

"அக்கா, இதுல ஒண்ணுமே இல்லைக்கா" என்றான் பாபு. "இருக்கு, நல்லாப் பாரு." அவனுக்கு என் முகத்தைப் பார்த்துப் பாவமாக இருந்திருக்க வேண்டும். எதற்கும் இருக்கட்டும் என்று உள்ளே கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியை மாற்றிக் கொடுத்தான். யுபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரி.

வரும் வழியெல்லாம் வயல் வற்றிக் கிடக்கிறது. அறுப்புக்குத் தண்ணீர் வடிய விட்டாயிற்று. கதிர் பழுத்து நிற்கிறது. எங்கள் கொல்லையை ஒட்டிய வயல்தான் இந்த வருஷம் நன்றாக வந்திருக்கிறது, மாமா அதை விட்டுக் கண் எடுப்பதில்லை.

ஜன. 20, செவ்வாய்

புதுப் பெட்டி, புது பேட்டரி. அதே டிக் டிக்.

ஆனால் ஒன்று கண்டுபிடித்தேன். கொல்லையில் மோட்டார் ஓடும்போதுதான் மோசம். மோட்டார் போட்டால் ஹாலில் ட்யூப் லைட் கண் சிமிட்டுகிறது, ஃபேன் சோம்பல் முறிக்கிறது, யுபிஎஸ் ஆரம்பித்துவிடுகிறது. ஃப்ரிட்ஜ் உறுமும்போதும் லேசாக. மோட்டாரை நிறுத்தினால் அடங்குகிறது. கார்த்திகை மாசத்தில் இதே மோட்டார், இதே கம்ப்யூட்டர், ஒரு தொல்லையும் இல்லையே? அப்போதுதான் பயிற்சி வகுப்பு எடுத்தார்கள், நாள் முழுக்கத் திரை முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஷிஃப்ட் நேரத்தில் மோட்டார் போடக்கூடாது என்று உத்தரவு. மாமா: "தொரை வேல பாக்குறாங்க, எல்லாரும் தாகத்தோட இருங்க."

பாபுவுக்குப் போன் போட்டேன். "அக்கா, வீட்டுல எர்த் இருக்கா? ப்ளக்குல மூணாவது ஓட்டைக்கு ஒயர் வருதா பாருங்க." ரவி கழற்றிப் பார்த்தார். வரவில்லை. பச்சை ஒயர் சுவருக்குள் தலையை நீட்டிக்கொண்டு சும்மா இருக்கிறது. இத்தனை நாள் அலங்காரத்துக்கு.

"இதுக்குப் போய் பாபுவ கேக்கணுமா அண்ணி? நான் இல்ல?" கொல்லையிலிருந்து ஒரு ஒயரை இழுத்துவந்து கம்ப்யூட்டர் ப்ளக்கில் கொடுத்தார். எதில் கட்டினீர்கள் என்றேன். போர் பைப்பில். நூறடிக்கு மேல் மண்ணுக்குள் போகிற இரும்பு, அதைவிட நல்ல எர்த் ஏது என்றார். சரியாகத்தான் பட்டது.

ராத்திரிச் சோறு: பச்சை மொச்சைக் குழம்பு. நல்ல மொச்சை. இன்று நடந்த ஒரே நல்ல விஷயம்.

ஜன. 21, புதன்

இன்று ஷாக் அடித்தது. எறும்பு இல்லை, தேள்.

ஷிஃப்ட் முடிந்து, ரவி தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டார் போட்டிருக்கிறார். நான் சிபியுவைத் துடைக்கிறேன், வெறுங்காலோடு. முழங்கை வரை இழுத்தது. கத்தினேன்.

அப்புறம் கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்கு மூளை வேலை செய்யும். டெஸ்டரை எடுத்தேன். சிபியு டப்பாவில் வைத்தேன், எரிந்தது. ப்ளக்கைப் பிடுங்கினேன், டப்பாவில் அணைந்தது. சரி, டப்பாவில் கோளாறு இல்லை. பச்சை ஒயரில் வைத்தேன். எரிந்தது. எர்த் ஒயரில்! செருப்பு மாட்டிக்கொண்டு ஒயரைப் பிடித்தபடியே கொல்லைக்குப் போனேன். போர் பைப்பில் வைத்தேன். சின்னதாக, ஆரஞ்சாக, எரிகிறது.

அந்தப் பைப்பிலிருந்துதான் இரும்புக் குழாய் வந்து பித்தளைக் குழாயில் முடிகிறது. மாமா குளிப்பது, கால் கழுவுவது எல்லாம் அங்கேதான்.

"மோட்டார நிறுத்துங்க!" நிறுத்தினார். டெஸ்டர் அணைந்தது.

ரவி முகத்தில் அந்த எல்லாம் தெரிந்த முகம் இல்லை. ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டியிருந்தது. ஐப்பசிப் புயல் மழையில், நான் அம்மா வீட்டில் இருந்தபோது, கொல்லைக் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் இரண்டு கம்பியில் ஒன்று, நியூட்ரல், கம்பத்து மேலேயே எரிந்து அறுந்திருக்கிறது. கரண்ட் வருகிறது, திரும்பிப் போக வழி இல்லை. கம்பம் நிற்பது வயலுக்கு நடுவில். முழங்கால் சேறு, நட்ட பயிர். அந்த மழையில் யாரைக் கூப்பிடுவது? ரவி என்ன செய்தார்? வீட்டு நியூட்ரலை எடுத்துப் போர் பைப்பில் கட்டிவிட்டார். விளக்கு எரிந்தது. அதோடு மறந்தும் போனார்.

"எல்லாரும் பண்றதுதான் அண்ணி. பூமிதான இழுத்துக்குது. ஊர்ல பாதி மோட்டார் இப்படித்தான் ஓடுது."

"ஈரம் இருக்குறவரைக்கும் இழுக்கும். இப்ப வயலு காஞ்சு கெடக்கே, எங்க போவும் அந்தக் கரண்ட்டு?"

கார்த்திகையில் ஏன் தொல்லை இல்லை என்று நேற்று கேட்டேனே, இதுதான். அப்போது கொல்லை முழுக்கத் தண்ணீர். இப்போது மண் காயக் காய, மண் வாங்காத கரண்ட் பைப்பிலேயே நிற்கிறது. நேற்று ரவி கொடுத்த அருமையான எர்த் அதை அப்படியே என் மேஜைக்குக் கொண்டுவந்துவிட்டது.

பச்சை ஒயரை நானே வெட்டி எறிந்தேன்.

ஜன. 22, வியாழன்

வானம் மூட்டம். ஷிஃப்ட் தப்பியது, ஒரு முறை டிக் டிக், சாகவில்லை.

லைன்மேனிடம் ரவியை அனுப்பினேன். நல்ல மனுஷன், உடனே வருகிறேன் என்றாராம். ஏணி தூக்கிக்கொண்டு ஆட்கள் கம்பத்தடி வரை வர வேண்டும், அரை நாள் கரண்ட் நிறுத்த வேண்டும்.

மாமாவிடம் சொன்னேன். விவரமாக, டெஸ்டர் எரிந்ததைக் காட்டியே சொன்னேன். "அறுப்பு முடியட்டும்" என்றார்.

"மாமா, உயிர் போற விஷயம்."

"கதிர் முத்தி நிக்குது. ஏணியப் போட்டு நாலு பேரு மிதிச்சுட்டுப் போறதா? மகாலட்சுமிய மிதிச்சுட்டு எந்த வெளக்க எரிக்கப்போற? அறுப்பு மெஷின் வெள்ளிக்கெழம வந்துடும்னு சொல்லியிருக்கான். அறுத்த அன்னிக்கே லைன்மேன ஏறிக்கச் சொல்லு."

அடுத்த வாரம் வெள்ளி. கதிர் முற்றிய பிறகு அறுப்புக்கு முன் அந்த வயலில் யாரும் கால் வைத்து நான் பார்த்ததில்லை. ஆடு நுழைந்தாலே மாமா போடும் சத்தம் குடவாசல் வரை கேட்கும்.

எனக்கும் ஒரு கணக்கு ஓடியது, மறைப்பானேன். லைன்மேன் வந்தால் அரை நாள் கரண்ட் இருக்காது. ஷிஃப்ட் நாளில் அரை நாள் இல்லையென்றால் நித்யா அத்தோடு முடித்துவிடுவாள். ஆகவே வாய் மூடிக்கொண்டேன். மாமா பிடிவாதம் என்று எழுதுவது சுலபம்.

ஏற்பாடு: மோட்டார் ஷிஃப்ட் முடிந்த பிறகு மட்டும். ஓடும்போது யாரும் குழாய்ப் பக்கம் போகக்கூடாது. ஓடாதபோது டெஸ்டர் எரியவில்லை, பலமுறை பார்த்துவிட்டேன். மாமா "சரி சரி" என்றார். அவர் இரண்டு முறை சரி சொன்னால் காதில் விழவில்லை என்று அர்த்தம்.

இவரிடம் போனில் ஒன்றும் சொல்லவில்லை. "பொட்டி எப்படி இருக்கு?" "இருக்கு." "உன் குரல் சரியில்லையே?" "சளி."

ஜன. 23, வெள்ளி

விடியற்காலையிலிருந்து மழை. தை மாசத்தில் இப்படி ஒரு மழை.

மாமா காலையில் சாப்பிடவில்லை. குடையும் இல்லாமல் வரப்பில் போய் நின்றுவிட்டு வந்தார். கொல்லை வயல் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. கம்பத்தைச் சுற்றிப் பாய் விரித்த மாதிரி படுத்துக் கிடக்கிறது. இன்னும் ஒரு நாள் பெய்தால் கதிரிலேயே முளைத்துவிடும் என்கிறார் ரவி. பக்கத்து வீட்டில் ஒரு பெண் குரல், "சாமிக்குக் கண்ணு இல்ல, கண்ணே இல்ல" என்று திரும்பத் திரும்ப.

கம்ப்யூட்டர் முத்து மாதிரி ஓடியது. ஒரு டிக் இல்லை.

என்னால் சந்தோஷப்படவும் முடியவில்லை, படாமல் இருக்கவும் முடியவில்லை. கொல்லையில் நெல் நனைகிறது, உள்ளே நான் சிரித்த குரலில் "வணக்கம், நான் உங்களுக்கு எப்படி உதவட்டும்?" நித்யாவிடமிருந்து கட்டைவிரல் படம். அதைப் பார்த்ததும் இன்னும் கொஞ்சம் பெய்யட்டும் என்று மனசு நினைத்தது. நினைத்தது, அவ்வளவுதான். இந்த வீட்டுச் சோறு தின்றுகொண்டு.

ஜன. 24, சனி

தூறல். மதியத்துக்கு மேல் வெளுத்தது.

கம்ப்யூட்டர்: அருமை. மோட்டார் ஓடும்போது டெஸ்டர் வைத்தேன், பைப்பில் எரியவே இல்லை. ரவிக்கு வாய் திரும்பிவிட்டது. "பாத்தீங்களா அண்ணி? நீங்கதான் பயந்துக்குறீங்க." மாமாவும் என்னை ஒரு பார்வை. ஒன்றுமில்லாததற்கு ஊரைக் கூட்டினவள் என்று.

காயும், காயும், பொறுங்கள் என்று மனசுக்குள்.

வெள்ளைத் துணி எல்லாம் நாற்றம். சீயக்காய் தீர்ந்துவிட்டது.

ஜன. 25, ஞாயிறு

வெயில். சுத்தமான வெயில். வயலில் தண்ணீரை வெட்டி விட்டிருக்கிறார்கள். மாமா முகம் கொஞ்சம் தெளிந்திருக்கிறது. சாய்ந்தது சாய்ந்ததுதான், ஆனால் முளைக்காது. டயர் மெஷின் புதையும், செயின் மெஷின்தான் வேண்டும் என்று வாக்குவாதம். வெள்ளிக்கிழமையே நிச்சயம்.

நித்யா பேசினாள். லீவு நாளில் தானாகவே. "மேம், உங்க பேச்சு எல்லாருக்கும் பிடிச்சிருக்கு. கோபமா வர்றவங்களும் உங்ககிட்ட அடங்கிடறாங்க. புதன்கிழமை மேனேஜர் கூடவே லைன்ல இருந்து கேப்பார். அன்னிக்கு மட்டும் கட்டாகாமப் பாத்துக்கோங்க மேம். ப்ளீஸ்." இந்தப் பெண்ணை நான் கத்தி, முள் என்று என்னென்னவோ நினைத்திருந்தேன்.

இவரிடம் சொன்னேன். பெருமூச்சு விட்டார், காதில் காற்றடித்தது. "அப்ப புதன்கிழமைக்கு அப்புறம் கம்பெனில சொல்லிடவா?" சொல்லுங்கள் என்றேன். நாங்கள் இரண்டு பேரும் வேறு ஏதேதோ பேசினோம், கட்டில் மாற்ற வேண்டும், கொல்லைக் கதவு தாழ்ப்பாள். போனை வைத்த பிறகும் சிரித்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது, மாமா என்னம்மா என்றார்.

புதன் வரை பொறுக்க வேண்டும். வெள்ளி லைன்மேன். நடுவில் மண் காயக்கூடாது. குடம் குடமாகப் பைப்படியில் தண்ணீர் ஊற்றினேன், செடிக்கு ஊற்றுகிற மாதிரி. பைத்தியம் பிடித்தவள் என்று நினைத்தாலும் பரவாயில்லை.

ஜன. 27, செவ்வாய்

காற்றும் வெயிலும். துணி ஒரு மணி நேரத்தில் மொடமொடவென்று காய்கிறது. மண்ணும்தான்.

டிக் டிக் ஆரம்பம். ஃப்ரிட்ஜ் உறுமினாலே. ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டேன், பால் திரிந்து போகட்டும். நான் ஊற்றிய குடங்கள் எந்த மூலைக்கு?

மதியம் மோட்டார் ஓடும்போது டெஸ்டர் வைத்தேன். மழைக்கு முன்னால் எரிந்ததைவிடப் பளிச்சென்று. ரவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நாளைக்கு லைன்மேன கூப்புடட்டா அண்ணி?"

"நாளைக்கு வேணாம். நாளைக்கு ஒரு நாள்."

என் வாயால், நான்தான் சொன்னேன்.

மோட்டார் ஸ்விட்சில் அட்டை எழுதி மாட்டினேன்: போடாதே. மாமாவிடம் மூன்று தடவை சொன்னேன். "ஏம்மா, எனக்கென்ன மூள கொழம்பிப்போச்சா?"

ஜன. 28, புதன்

இன்றையதை எழுதிவிட வேண்டும்.

காலையில் தொட்டி நிரப்பி, ஃப்ரிட்ஜ் அணைத்து, ஃபேன் அணைத்து உட்கார்ந்தேன். நித்யா லைனில், மேனேஜர் லைனில். முதல் இரண்டு பேர் சுலபம். மூன்றாவது மதுரைக்காரர். வாஷிங் மெஷின் குதித்துக் குதித்து வாசல் வரை வந்துவிட்டதாம். கெட்ட கோபம். நான் பேசப் பேச இறங்கி வந்தார், "நீங்க சொல்றதால கேக்குறேன் தாயி" என்றார். மேனேஜர் சிரித்தது எனக்குக் கேட்டது.

அப்போதுதான் டிக். டிக் டிக். ஹால் ட்யூப் லைட் சிமிட்டியது.

ஃப்ரிட்ஜ் இல்லை, ஃபேன் இல்லை. அப்படியானால் மோட்டார். ஜன்னல் வழியே கொல்லையைப் பார்த்தேன். மாமா. வாய்க்காலில் இறங்கிவிட்டு வந்திருக்கிறார், தொடை வரை சேறு. குழாயில் தண்ணீர் வேகமாக வர வேண்டும் என்று மோட்டாரைப் போட்டுவிட்டார். அட்டை கீழே கிடக்கிறது. அவர் குனிந்து கையை நீட்டிக்கொண்டு போகிறார்.

"மாமா!" மோட்டார் சத்தத்தில் கேட்கவில்லை. காதில் மதுரைக்காரர், "என்ன தாயி?"

மோட்டார் ஸ்விட்ச் கொல்லைக் கோடியில். மீட்டர் பெட்டி ஹாலில், என் முதுகுக்குப் பின்னால். நான் யோசித்தேனா என்றால் யோசித்தேன். கண் சிமிட்டும் நேரம்தான், ஆனால் யோசித்தேன். இவர் முகம் வந்தது. அதை எழுதாமல் விட்டால் இந்த நோட்டு எதற்கு?

ஹெட்செட்டைப் பிய்த்துவிட்டு ஓடி ப்யூஸ் கட்டையைப் பிடுங்கினேன். வீடு செத்தது. உள்ளே யுபிஎஸ் கீ என்று கத்திக்கொண்டிருந்தது, பிறகு அதுவும் நின்றது.

ஓடிப்போய்ப் பார்த்தால் மாமா பைப்படியில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் சொம்பு உருண்டு கிடக்கிறது. வலது கையை மடியில் வைத்து அதையே பார்க்கிறார், யாருடைய கையோ மாதிரி. விரல்கள் மடங்கினபடியே.

"கை விடலம்மா" என்றார். "விடுன்னேன். விடல."

அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதேன். நேற்றே லைன்மேனைக் கூப்பிட்டிருக்கலாம். ஒரு நாள் என்றேனே, அந்த ஒரு நாளுக்கு விலை இதுவாக இருந்திருக்கும். மாமா இடது கையால் என் தலையைத் தொட்டார். அவர் என்னைத் தொட்டது கல்யாணத்தன்று விபூதி பூசியதற்குப் பிறகு இதுதான்.

ரவி வண்டியை எடுத்து நன்னிலம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். இதயம் சரியாக இருக்கிறது, உள்ளங்கையில்தான் சுட்டிருக்கிறது, மருந்து போட்டு அனுப்பினார்கள். திரும்பி வந்து இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தார். பிறகு எழுந்து கூரை இறவாணத்தில் செருகியிருந்த கதிரறுக்கும் கருக்கரிவாளை எடுத்துக்கொண்டு வயலில் இறங்கினார்.

முதலில் எனக்குப் புரியவில்லை. ரவி, "அப்பா, மெஷின் வெள்ளிக்கெழம வருதுப்பா" என்று பின்னாலேயே ஓடினார். மாமா திரும்பவில்லை. கட்டுப்போட்ட கையால் கதிரைச் சேர்த்துப் பிடிக்க, இடது கையால் அறுக்க. பழக்கமில்லாத கை, கோணல் மாணலாக. வரப்பிலிருந்து கம்பத்தடி வரை, ஏணி போகும் அகலத்துக்கு. அறுத்ததை மிதிபடாமல் ஓரமாக ஒதுக்கி ஒதுக்கி வைத்துக்கொண்டே போனார். நானும் ரவியும் இறங்கி வாரி வரப்பில் போட்டோம்.

ரவி போய் லைன்மேனை அழைத்து வந்தார். ஏறிப் பார்த்தார். நியூட்ரல் கரிக்கட்டை. புதுக் கம்பி போட்டு முறுக்கிவிட்டு, பைப்பில் கட்டியிருந்த ஒயரை இறங்கி வந்து அவரே பிடுங்கி ரவி கையில் கொடுத்தார். "இத வச்சுக்க தம்பி. சாமி ரூம்புல மாட்டு." ரவி தலையை நிமிர்த்தவில்லை.

மோட்டார் போட்டோம். பைப்பில் டெஸ்டர்: ஒன்றும் இல்லை. ஃப்ரிட்ஜ், ஃபேன், கிரைண்டர் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டோம். யுபிஎஸ் வாயே திறக்கவில்லை. கம்ப்யூட்டர் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. லாகின் போட்டேன். உங்கள் கணக்கு செயலில் இல்லை என்று வந்தது. மறுபடி போட்டேன். அதேதான். நித்யாவின் மெசேஜ் மதியமே வந்திருக்கிறது: "சாரி மேம். நான் சொல்லிப் பாத்தேன். மேனேஜர் ஒத்துக்கல."

சாயங்காலம் இவர் கூப்பிட்டார். குரலில் அவ்வளவு ஆசை. "என்ன, கன்ஃபார்மா?"

எல்லாவற்றையும் சொன்னேன். பைப், மழை, நான் தள்ளிப்போட்ட ஒரு நாள், மாமாவின் கை, எல்லாம். இடையில் "அப்பா எப்படி இருக்காரு?" என்று இரண்டு தடவை. கடைசியில், "சரி விடு. நீ செஞ்சதுதான் சரி. கையெழுத்துப் போட்டுடறேன். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

அடுத்த வருஷம். செல்வி, செல்வி என்கிறார். போனைப் பிடித்துக்கொண்டு ஹாலில் நிற்கிறேன்.

மாமா எதிரில் உட்கார்ந்திருந்தார். எப்போதும் இவர் போன் என்றால் "நல்லாருக்கியா, சாப்புட்டியா" இரண்டு வார்த்தை, அதோடு என்னிடம் தந்துவிடுவார். இன்று எழுந்து வந்து, கட்டுப்போட்ட கையை நீட்டி வாங்கினார்.

"கம்பத்தடி மட்டும் நான் அறுத்துட்டேன்" என்றார். "மிச்சத்துக்கு நீ வா."

அவ்வளவுதான். போனை என் கையில் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போனார்.

காதில் வைத்தேன். இவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வைக்கவும் இல்லை.